க்ளட்ச் மாத்தினப்புறம் வந்த அதிர்வு: ரெண்டு டவல் பின் படுத்தின பாடு

கியர்பாக்ஸை ரெண்டாவது தடவையா இறக்கி ஏத்தி முடிச்சாச்சு. இன்னைக்கு சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணி 2500 ஆர்பிஎம்ல பிடிச்சு வச்சேன், நடுக்கண்ணாடி ஆடல, கியர் நாப்ல கை வச்சா அந்தப் பழைய உறுமல் இல்ல. மூணு வாரமா மண்டையைக் குடைஞ்ச விஷயம், அதான் சூட்டோட சூடா எழுதிடறேன்.

முதல் தடவை க்ளட்ச் மாத்தினப்போ டிஸ்க், அதை அமுக்கிப் பிடிக்கற பிரஷர் பிளேட், பெடல் மிதிச்சா விடுவிக்கற ரிலீஸ் பேரிங் மூணும் புதுசு, ப்ளைவீல் (என்ஜின் பின்னால சுத்தற கனமான சக்கரம், க்ளட்ச் இதுமேலதான் உக்காரும்) முகத்துல நீலம் பாஞ்சு கீறலா இருந்ததால அதை லேத்துக்குக் குடுத்து ஃபேஸிங் போட்டு, அதாவது முகத்தைச் சமமாக்கி, வாங்கினேன். மாட்டி எடுத்தா பெடல் அருமை, கியர் விழறது அருமை, ஆனா 2200 தாண்டினா வண்டி மொத்தமும் நடுங்குது, 2800ல பல்லு கூசுற மாதிரி. ஸ்லோல (ஆக்சிலரேட்டர் மிதிக்காதப்போ) கொஞ்சம்தான்.

முதல்ல பாக்க வேண்டியது வண்டி நிக்கறப்போ வருதா ஓடறப்போ வருதான்னு. நின்ன இடத்துலயே நியூட்ரல்ல ரேஸ் பண்ணினா அதே நடுக்கம், அப்போ வீலு, டிரைவ் ஷாஃப்ட்டு ரெண்டும் கணக்குல இல்ல. அடுத்தது பெடலை முழுசா மிதிச்சு அதே ஆர்பிஎம்ல பிடிச்சேன். மிதிச்சா டிஸ்க்கும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டும் விலகி நின்னுடும், அப்போ நடுக்கம் போச்சுன்னா கோளாறு அந்தப் பக்கம். எனக்குத் துளி மாற்றம் இல்ல. ஆக மிச்சம் ப்ளைவீல், பிரஷர் பிளேட், என்ஜினைத் தாங்கற ரப்பர் மவுன்ட் இவ்வளவுதான். இந்த ஒரு டெஸ்டை நிறைய பேர் செய்யாமலே பிளக்கு, காயில்னு மாத்திட்டு இருக்காங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு.

மவுன்ட் மேல சந்தேகம் இருந்துச்சு, ஏன்னா ஜாக்ல என்ஜினைத் தூக்கி வச்சுக்கிட்டே போல்ட்டை இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும். எல்லா மவுன்ட் போல்ட்டையும் லூஸ் பண்ணி, என்ஜினைக் கையால ரெண்டு ஆட்டு ஆட்டி தானா உக்கார விட்டு, மறுபடி இறுக்கினேன். ஸ்லோல இருந்த நடுக்கம் பாதி குறைஞ்சது, 2500ல அப்படியேதான்.

அப்புறம்தான் போன்ல அதிர்வு அளக்கிற ஆப்பை சீட் ரெயில் மேல வச்சுப் பாத்தேன். 2500 ஆர்பிஎம்னா செகண்டுக்கு கிட்டத்தட்ட 42 சுத்து. நாலு சிலிண்டர் என்ஜின் இயல்பா அதுக்கு ரெண்டு மடங்குலதான், அதாவது 83 ஹெர்ட்ஸ் பக்கம்தான் அதிரணும். ஒரு சிலிண்டர் எரியாம மிஸ் அடிச்சா சுத்துல பாதியில, 21 பக்கம் வரும். ஆப் காட்டின கிராஃப்ல எனக்கு 42ல நெட்டையா ஒரு முனை, ஆர்பிஎம் ஏத்தினா அதுவும் கூடவே நகருது. சுத்துக்கு ஒரு தடவை உதைக்குதுன்னா சுத்துற ஏதோ ஒண்ணு ஒரு பக்கம் கனமா இருக்கு, வேற பேச்சே இல்ல. கியர்பாக்ஸை மறுபடி இறக்கறதைத் தவிர வழியும் இல்ல.

இறக்கினதும் டயல் கேஜை (துளி ஆட்டத்தையும் முள்ளுல காட்டற மீட்டர்) என்ஜின் பிளாக்ல ஒட்டி ப்ளைவீல் முகத்தைச் சுத்திப் பாத்தேன் (கிராங்கை, அதாவது ப்ளைவீல் மாட்டியிருக்கற என்ஜின் தண்டை, ஒரே பக்கமா தள்ளிப் பிடிச்சுக்கிட்டே சுத்தணும், இல்லைன்னா கிராங்கோட முன்பின் ஆட்டமும் சேந்து காட்டும்). 0.05 மில்லிமீட்டர்தான், நல்லாவே இருக்கு. ப்ளைவீலை இடம் மாத்தி மாட்டிட்டேனோன்னும் யோசிச்சேன், ஆனா இந்த வண்டியில ஒரு போல்ட் ஓட்டை தள்ளி இருக்கறதால வேற மாதிரி மாட்டவே முடியாது.

கோளாறு கண்ணுக்கு முன்னாடியே இருந்துச்சு. ப்ளைவீல்ல, பிரஷர் பிளேட்டை நடுவுல உக்கார வைக்கற மூணு டவல் பின்ல (சின்ன இரும்பு முளை) ஒண்ணுதான் நிக்குது, மத்த ரெண்டும் ப்ளைவீல் முகத்தோட மட்டமா உள்ள இறங்கிக் கிடக்கு. ஃபேஸிங் போடறப்போ கல்லுக்கு இடிக்குதுன்னு தட்டி இறக்கிட்டு, திரும்ப எடுத்து விடாம குடுத்திருக்காங்க. இதுல எனக்கு உண்மையிலேயே கோவம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். ஒரு பின்னுல பிளேட் மாட்டினதால சரியா உக்காந்துடுச்சுன்னு நானும் நம்பிட்டேன். மிச்சத்தை போல்ட் பிடிச்சுக்கும்னு நினைக்காதீங்க, போல்ட் ஓட்டையில இடைவெளி இருக்கு, அது இறுக்கத்தான், நடுவுல நிறுத்த இல்ல.

கணக்குப் போட்டா பயமா இருக்கு. 4 கிலோ பிளேட் அரை மில்லிமீட்டர் தள்ளி உக்காந்தா 2500ல சுமார் 14 கிலோ இழுப்பு, 5000ல அது நாலு மடங்கு, 56 கிலோ. அதுவும் ஒவ்வொரு சுத்துக்கும் கிராங்கோட பின்பக்க ஆயில் சீலையும் பேரிங்கையும் போட்டு வாங்குது.

பின்னை வெளிய எடுக்கறதுலதான் ஒரு முழு நாள் போச்சு. ப்ளைவீலைக் கழட்டிப் பாத்தா பின்பக்கம் சின்னதா ஓட்டை தெரிஞ்சது, நிம்மதி. 4 மில்லிமீட்டர் பஞ்ச் வச்சு பின்னால இருந்து தட்டினா வரும்னு பாத்தா அசையவே இல்ல, ரஸ்ட் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊற வச்சு, காலைல கட்டையைக் கீழ குடுத்து ப்ளைவீல் வட்டம் பூரா சமமா தாங்கற மாதிரி வச்சு, பெரிய அடி இல்லாம சின்னச் சின்ன அடியா தட்டினேன், அப்போதான் முனகிக்கிட்டே வெளிய வந்துச்சு. தலை ரெண்டும் சுத்தியல் பட்டு காளான் மாதிரி விரிஞ்சிருக்கு. அதையே அரத்தால தேச்சுப் போடலாமான்னு ஆசை, வேண்டாம்னு புதுசே போட்டேன், ஏன்னா விரிஞ்ச பின்னுல பிளேட் முழுசா இறங்காம ஒரு பக்கம் தூக்கி நிக்கும். புது பின்னை ஃப்ரீசர்ல ராத்திரி வச்சிருந்தேன், 8 மில்லிமீட்டர் பின் சுருங்கறது சில மைக்ரான்தான், இருந்தாலும் கோணாம இறங்குச்சு. தட்டாம நின்ன பின்னோட உயரத்தை வெர்னியர்ல எடுத்து மூணையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்தேன்.

அப்புறம் பிளேட்டைக் கையால அமுக்கினதுமே டக்குனு ஒரு சத்தம், மூணு பின்னும் ஒண்ணா உள்ள போச்சு, முதல் தடவை இந்தச் சத்தம் வரவே இல்லங்கறது அப்போதான் உறைச்சது. போல்ட்டை எதிரெதிரா அரை அரை சுத்தா இறுக்குங்க, ஒரு பக்கமா இறுக்கினா கவர் வளையும். ப்ளைவீல் போல்ட் புதுசுதான் போட்டேன், பழசு நீண்டிருக்கும்.

டிஸ்க் சென்டர் பண்ண கிட்டோட வர்ற பிளாஸ்டிக் குச்சி ஆட்டமா இருக்கு, பழைய இன்புட் ஷாஃப்ட் ஒண்ணு கிடைச்சா வெட்டி வச்சுக்கணும்னு தேடிட்டு இருக்கேன், யார்கிட்டயாவது ஸ்க்ராப் கியர்பாக்ஸ் இருந்தா சொல்லுங்க. புது பிளேட் வாங்கறப்போ விளிம்புல பேலன்ஸ் பண்ணின துளையோ ரிவெட்டோ இருக்கான்னு பாத்து வாங்குங்க.

இப்போ போன்ல 42 பக்கம் சின்ன மேடு மட்டும்தான். ஏசி போட்டா ஸ்லோல லேசா ஒரு நடுக்கம் இன்னும் இருக்கு, கியர்பாக்ஸ் பக்க மவுன்ட் ரப்பர்ல நகம் நுழையற அளவு வெடிப்பு பாத்தேன். ஆர்டர் போட்டாச்சு, வந்ததும் அதையும் மாத்திட்டு அளவு எடுத்துப் போடறேன்.