175 டாலருக்கு வாங்கிய கிதார்

அரிய இசைக்கருவிகள் அதிர்ஷ்டவசமாகக் கைக்குக் கிடைத்த கதைகளுள், இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த ஜான் லெனனின் கிப்சன் ஜே-160இ கிதாரின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1962 செப்டம்பரில் லெனனும் அதே குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் லிவர்பூலில் ஆளுக்கொன்றாக வாங்கிய இவ்வகைக் கிதார்களுள் லெனனுடையது, 1963 டிசம்பரில் லண்டனில் பீட்டில்ஸ் குழு நடத்திய கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளின்போது காணாமல் போனது. அறுபதுகளின் பிற்பகுதியில் அதனை அமெரிக்காவின் சான் டியேகோவில் 175 டாலருக்கு வாங்கிய ஒருவர், அது யாருடையது என்றே அறியாமல் பல்லாண்டுகள் வாசித்து வந்திருக்கிறார்!

பின்னாளில் ஹாரிசனின் கிதாரைப் பற்றி ஓர் இதழில் படித்தபோதுதான் அவருக்கு ஐயம் எழுந்தது. வரிசை எண் பொருந்தியதோடு, மேற்பலகையில் ஓடும் மர வரிகளும் பழைய புகைப்படங்களில் தெரிபவற்றோடு ஒத்துப்போயின. மர வரிகள் கைரேகையைப் போல ஒன்றுக்கொன்று மாறுபடுபவை என்பதால், அதற்குமேல் வாதத்துக்கு இடமிருக்கவில்லை.

இத்தனைக்கும் அது நாதத்துக்குப் பெயர்போன மாதிரி அன்று. ஒலிபெருக்கியில் இணைத்து வாசிக்கும்போது இரைச்சல் எழாமலிருக்க மேற்பலகையை ஒட்டுப்பலகையால் செய்திருந்தார்கள். அதனால் இணைப்பின்றி வாசித்தால் ஒலி சற்று மந்தமாகவே இருக்கும் (வாங்கியவர் அதைப் பொருட்படுத்தவில்லை போலும்). 2015 நவம்பரில் அது ஏலத்தில் 24 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அத்தொகையில் ஒரு பகுதி, லெனனும் அவர் மனைவி யோகோ ஓனோவும் தொடங்கிய ஸ்பிரிட் அறக்கட்டளைக்குச் சென்றது.