கேட்ச்-ஆல் போட்டேன், எல்லாருக்கும் வந்த மெயில் எனக்கே வந்துச்சு

ரெண்டு டொமைனை ஒரே போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் வாங்கி அனுப்புற மென்பொருள்) சர்வர்ல ஓட்டணும், அவ்ளோதான் வேலை. புது டொமைன்ல நாலு பேருக்கு மெயில்பாக்ஸ், பழைய டொமைனுக்கு வர்றதை எல்லாம் புதுசுக்கு திருப்பி விட்டா போதும். அரை மணி நேரத்துல முடிச்சிட்டு தூங்கிடலாம்னு உக்காந்தேன், விடிஞ்சிருச்சு.

முதல் சறுக்கல் மைடெஸ்டினேஷன்ங்கிற செட்டிங்ல. பழைய டொமைன் பேரு அதுல ஏற்கனவே இருந்துச்சு, நான் விர்ச்சுவல் அலையஸ் டொமைன்ஸ்ங்கிற இன்னொரு செட்டிங்லயும் போட்டுட்டேன். ரெண்டுலயும் போடாதேன்னு லாக்ல வார்னிங் கத்திட்டு தான் இருந்துச்சு, நான் பாக்கல. மைடெஸ்டினேஷன்னா சர்வர்ல லினக்ஸ் அக்கவுண்ட் இருக்கிறவங்களுக்கு, விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்னா லினக்ஸ் அக்கவுண்டே வேணாம் மெயில்பாக்ஸ் மட்டும், விர்ச்சுவல் அலையஸ் டொமைன்னா அதுவும் கிடையாது, வர்றது எல்லாம் வேற அட்ரஸுக்கு போயிடும். ஒரு டொமைன் இதுல ஏதாவது ஒண்ணுல தான் இருக்கணும்.

இதை சரி பண்ணிட்டு, சும்மா இருக்காம, யாராவது பேரை தப்பா டைப் பண்ணி அனுப்பினா மெயில் தொலையக் கூடாதேன்னு விர்ச்சுவல் ஃபைல்ல (எந்த அட்ரஸுக்கு வந்தது எங்க போகணும்னு எழுதுற ஃபைல்) புது டொமைனுக்கு ஒரு கேட்ச்-ஆல் வரி, அதாவது எந்தப் பேருக்கு வந்தாலும் பிடிச்சுக்கிற வரி, சேத்தேன். இடது பக்கம் வெறும் @ போட்டு டொமைன் பேரு, வலது பக்கம் என் அட்ரஸ். அந்த ஃபைலை போஸ்ட்ஃபிக்ஸ் தேடுற வடிவத்துக்கு மாத்துற போஸ்ட்மேப் கமாண்டை ஓட்டினேன், டெஸ்ட் மெயில் வந்துச்சு, செம சந்தோஷம். கொஞ்ச நேரம் கழிச்சு பாத்தா மத்த மூணு பேருக்கு வர வேண்டியதும் என் இன்பாக்ஸ்ல வந்து விழுது!

நான் என்ன நெனச்சேன்னா, மெயில்பாக்ஸ் இருக்கான்னு முதல்ல பாக்கும், இல்லைன்னா தான் கேட்ச்-ஆலுக்கு வரும்னு. அப்படி இல்லவே இல்ல. விர்ச்சுவல் அலையஸ் மாத்துற வேலையை க்ளீனப்னு ஒரு ப்ராசஸ் செய்யுது, அதுவும் மெயில் க்யூவுக்குள்ள (டெலிவரிக்கு காத்திருக்கிற வரிசை) போறதுக்கு முன்னாடியே. முழு அட்ரஸுக்கு வரி இருக்கான்னு தேடும், கிடைக்கலன்னா @டொமைன் வரியை எடுத்துக்கும், மெயில்பாக்ஸ் பத்தி அந்த நேரத்துல அதுக்கு கவலையே கிடையாது. அதனால நிஜ மெயில்பாக்ஸ் ஒவ்வொண்ணுக்கும் இடது பக்கமும் அதே அட்ரஸ், வலது பக்கமும் அதே அட்ரஸ்னு ஒரு வரி எழுதணும். பாக்க கிறுக்குத்தனமா இருக்கும், ஆனா அது தான் வழி.

இதுல இன்னொரு கூத்து, போஸ்ட்மேப் மைனஸ் க்யூ (-q) போட்டு செக் பண்ணா பதிலே வரல, ஏன்னா அது நீங்க குடுக்குற சொல்லை அப்படியே தேடும், @டொமைனுக்கு தானா இறங்காது. சென்ட்மெயில் மைனஸ் பிவி (-bv) போட்டு அட்ரஸ் குடுத்தா மெயில் அனுப்பாமலே எங்க போய் சேரும்னு உங்களுக்கு ரிப்போர்ட் மெயில் வரும், அதை நம்பலாம். அப்புறம் அலையஸஸ் ஃபைல் (லோக்கல் பேர்களை திருப்பி விடுற ஃபைல், அதுல கோலன் உண்டு) பழக்கத்துல விர்ச்சுவல் ஃபைல்லயும் பேருக்கு பின்னாடி கோலன் போட்டுடாதீங்க. நான் போட்டேன்.

நாலு பேர்ல ஒருத்தருக்கு மெயில் வெளி அக்கவுண்ட்டுக்கு போகணுமாம். திருப்பி விட ஒரு வரி போதும், ஆனா என்வலப்ல (சர்வர்கள் தங்களுக்குள்ள சொல்லிக்கிற அட்ரஸ், மெயில்ல தெரியுற ஃப்ரம் இல்ல) அனுப்பினவர் பேரு அப்படியே இருக்க, மெயில் மட்டும் நம்ம ஐபில இருந்து போகுது, அந்தப் பக்கம் எஸ்பிஎஃப் (அந்த டொமைன் பேர்ல அனுப்ப இந்த ஐபிக்கு அனுமதி இருக்கான்னு பாக்குறது) செக் பண்ணா ஃபெயில். போஸ்ட்எஸ்ஆர்எஸ்டிங்கிற ப்ரோக்ராமை போட்டு என்வலப் அட்ரஸை நம்ம டொமைனுக்கு மாத்தினதும் எஸ்பிஎஃப் பாஸ் ஆச்சு. டிமார்க்குக்கு (ஃப்ரம்ல தெரியுற டொமைனோட இதெல்லாம் பொருந்துதான்னு பாக்குறது) அது உதவாது, ஏன்னா ஃப்ரம்ல இருக்கிறது அனுப்பினவரோட டொமைன் தானே, அங்க காப்பாத்துறது அவரோட சர்வர் மெயில்ல போடுற டிகிம் கையெழுத்து தான், அதுக்கு வழில யாரும் சப்ஜெக்டையோ பாடியையோ தொடக் கூடாது.

கேட்ச்-ஆலை கடைசில தூக்கிட்டேன். இல்லாத பேருக்கெல்லாம் ஸ்பேம் வந்து குவிஞ்சா யாரு பாக்குறது, இப்ப தப்பான அட்ரஸுக்கு வாசல்லயே 550 (அப்படி ஒரு மெயில்பாக்ஸ் இல்லைங்கிற கோடு) சொல்லி திருப்பிடுது. போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ்ங்கிற ரெண்டு அட்ரஸ் மட்டும் என் பேருக்கு இருக்கு. அந்த கிறுக்கு வரிகளுக்கு இனிமே வேலை இல்ல, ஆனா அழிக்க கை வரல.