வீட்டுத் தொட்டிக்குள் ஓர் ஓதம்: பாறைக்குட்டை உயிர்களோடு 20 மாதம்

முதலில் இன்றைய நிலவரம். 90 × 45 × 45 செ.மீ. கண்ணாடித் தொட்டி, 14 டிகிரியில் கடல்நீர். உள்ளே பெரிய கடல் சாமந்தி (பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போலக் கைகளை விரிக்கும் உயிர்) மூன்று, அவை ஈன்ற குட்டிகள் ஏழு, இறால் ஐந்து, பாறை மேயும் நத்தைகள் ஆறு, டாக் வெல்க் என்கிற வேட்டை நத்தை ஒன்று, கரை நண்டு ஒன்று. ஒரு நாளைக்கு இரண்டு தடவை இந்தத் தொட்டியில் தண்ணீர் 15 செ.மீ. வற்றி, திரும்பவும் ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கம், அதாவது ஓதம், வந்த பிறகுதான் உள்ளே இருப்பவை பாறைக்குட்டையில் (கடல் வற்றும்போது பாறைப் பள்ளத்தில் தேங்கும் நீரில்) நடந்துகொள்வது போல நடந்துகொள்ள ஆரம்பித்தன. அதற்கு முன்னால் பணம், கவலை, தூக்கம் எல்லாவற்றையும் குளிர் என்கிற ஒரே விஷயத்தில்தான் கொட்டியிருந்தேன்.

நான் இருப்பது பிளிமத், இங்கிலாந்தின் தென்மேற்கு. பிறந்தது தூத்துக்குடி. எங்கள் ஊரில் ஓதம் ஏறினாலும் வற்றினாலும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான், உற்றுப் பார்க்காவிட்டால் தெரியாது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறக்குறைய 4.7 மீட்டர் இறங்கிவிடும், காலையில் அலை அடித்த இடத்தில் மதியம் நடந்து போகலாம். அந்தப் பெரிய வற்று இந்தக் கரையில் நண்பகலை ஒட்டியே வருவதால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு வெம்புரி என்கிற பாறைக் கரைக்குப் போவது வழக்கமானது. அங்கேதான் முதல் கடல் சாமந்தியைப் பார்த்தேன். தண்ணீர் இல்லாத பாறையில் குங்குமத்தைக் குழைத்து உருட்டி ஒட்டியது போல ஒரு சிவப்பு உருண்டை. அதற்கு ஓர் அடி கீழே, குட்டைக்குள், அதே ஜாதி விரிந்து பூவாக இருந்தது, விளிம்பைச் சுற்றி நீல மணி கோத்த மாதிரி. இங்கே பீட்லெட் என்பார்கள்.

வெம்புரிக் கரை 1981 முதல் தன்னார்வக் கடல் பாதுகாப்புப் பகுதி. அங்கிருந்து நான் எதையும் எடுப்பதில்லை, பார்ப்பதற்கு மட்டும்தான். தொட்டிக்கு வந்தவை எல்லாம் வேறொரு கரையிலிருந்து, அங்கே எடுக்கத் தடை உண்டா என்று விசாரித்த பிறகு, ஒன்றிரண்டாக வந்தவை.

தொட்டி வைத்தது 2022 பிப்ரவரியில். தண்ணீரைக் கடலிலிருந்தே கொண்டுவந்தேன், 20 லிட்டர் கேன்களில், மழை பெய்யாமல் நாலைந்து நாள் ஆன பிறகு, ஓதம் முழுக்க ஏறி நிற்கும் நேரத்தில், ஆற்று வாயிலிருந்து தள்ளி. மழைக்குப் பிறகு எடுத்தால் உப்பு குறையும், வயலில் போட்டதெல்லாம் கூடவே வரும். உப்பு அளவு லிட்டருக்கு 35 கிராம் இருந்தால் சரி. வெப்பக் கடல் மீன் வளர்ப்பவர்கள் நாலு முதல் ஆறு வாரத்தில் ஃபில்டர் பழகிவிடும், அதாவது கழிவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேறிவிடும் என்பார்கள். குளிரில் அந்தக் கணக்கு ஓடாது, அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். எனக்கு அமோனியாவிலிருந்து உண்டாகும் நச்சான நைட்ரைட் பூஜ்யத்துக்கு வர பதினோரு வாரம் ஆனது. அந்தப் பதினோரு வாரமும் வெறும் கல்லையும் மணலையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நாட்களில் ஒருநாள் வீடியோ காலில் அப்பா கேட்டார், "ஏய்யா, கடல் பக்கத்துலேயே இருக்கும்போது வீட்டுக்குள்ள எதுக்குய்யா கடல?" நியாயமான கேள்வி. கரையில் எனக்குக் கிடைப்பது தண்ணீர் வற்றிய இரண்டு மணி நேரம்தான், அந்த உயிர்களுக்கு அது காத்திருக்கும் நேரம். தண்ணீர் வந்ததும் என்ன செய்கின்றன, ராத்திரி என்ன செய்கின்றன என்பதைப் பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவருக்கும் அதையேதான் சொன்னேன்.

மே மாதம் முதல் உயிர்கள் வந்தன. ஜூலை 19 அன்று நாட்டிலேயே முதல் முறையாக வெயில் 40 டிகிரியைத் தாண்டியது, லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பியில் 40.3. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை, ஆனால் இந்த ஊர் வீடுகள் சூட்டை உள்ளே பிடித்து வைக்கத்தான் கட்டப்பட்டவை, ஏ.சி. கிடையாது. தொட்டி 24.5 டிகிரிக்குப் போய்விட்டது. வெளியே கடல் கோடையின் உச்சத்தில்கூட 16, 17தான். ஐஸ் கட்டிய பாட்டில்களை மிதக்கவிட்டேன், அரை மணியில் மூன்று டிகிரி இறங்கி, பாட்டில் உருகியதும் திரும்ப ஏறியது. இரண்டு இறால் செத்தன. சூடு நேராகக் கொன்றது என்பதைவிட மூச்சு முட்டியது என்றுதான் இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் 10 டிகிரிக் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 20 டிகிரியில் அது 7.4 ஆகிவிடும், சூடு ஏற ஏற உயிர்களுக்கு ஆக்சிஜன் தேவையும் கூடும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. அன்றைக்கு ஐஸ் பாட்டிலைவிட இன்னொரு ஏர் பம்ப்தான் அவற்றுக்கு உதவியிருக்கும்.

ஆகஸ்டில் தண்ணீரைக் குளிர்விக்கும் பழைய சில்லர் ஒன்று வாங்கினேன். நன்றாக உழைக்கிறது. அதைச் சமையலறைப் பக்கம் வைத்துக் குழாயை நீட்டியிருக்கிறேன், அதே அறையில் வைத்தால் தொட்டியிலிருந்து எடுத்த சூட்டை அறைக்குள்ளேயே ஊதும். புழுக்கமான நாட்களில் கண்ணாடிக்கு வெளியே வியர்க்கும், கீழே துண்டு போட்டுவைக்க வேண்டும். குளிர் பற்றி அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. கருவி வாங்கினால் தீரும் பிரச்சினை.

கருவியால் தீராத பிரச்சினை நத்தைகள். தண்ணீர் சுத்தம், குளிர் சரி, பாசியும் இருக்கிறது, ஆனாலும் தினம் காலையில் ஒன்றிரண்டு தொட்டிக்கு வெளியே, கம்பளத்தில், மூடியின் அடியில். ஏதோ குறை என்று நினைத்து டெஸ்ட் கிட்டைக் கையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். கடல் சாமந்திகள் வேறு எந்நேரமும் விரிந்தே கிடந்தன, ஆரோக்கியமாகத்தான் இருந்தன, ஆனால் நான் பாறையில் பார்த்த உயிர் அதுவல்ல. ஒரு நாள் மகள்தான் கேட்டாள், "அப்பா, இதுக்கு எப்பப்பா தண்ணி வத்தும்?"

நவம்பரில் தொட்டிக்கு ஓதம் கொண்டுவரும் வேலையை ஆரம்பித்தேன். அமைப்பு ரொம்ப எளிது. மேல் தொட்டியின் அடியில் துளை போட்டு ஒரு பி.வி.சி. குழாயை நிமிர்த்தி நிறுத்தினேன், உயரம் 38 செ.மீ. குழாயின் பக்கவாட்டில் 23 செ.மீ. உயரத்தில் ஒரு சின்ன ஓட்டை. கீழே 120 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, அதில் ஒரு பம்ப், பம்புக்கு டைமர். பம்ப் ஓடும்போது ஓட்டை வழியாகப் போவதைவிட வருவது அதிகம், அதனால் நீர்மட்டம் குழாயின் உச்சி வரை ஏறி, மிச்சம் வழிந்து கீழே போகும். பம்ப் நின்றதும் ஓட்டை வழியாக மெல்ல வற்றி 23 செ.மீ.யில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே 60 லிட்டர், அதனால் கீழ்ப் பெட்டியில் எப்போதும் 60 லிட்டருக்கு மேல் இடம் காலியாக இருக்க வேண்டும். இதில் மட்டும் கணக்குத் தப்பக் கூடாது, கரண்ட் போனால் அவ்வளவு தண்ணீரும் கீழேதான் வரும்.

ஓட்டையை முதலில் 8 மி.மீ. போட்டேன். நாற்பது நிமிடத்தில் வற்றிவிட்டது, அது ஓதம் இல்லை, வாளியைக் கவிழ்ப்பது. குழாயை மாற்றி 4 மி.மீ. போட்டேன், இரண்டரை மணி நேரம் எடுத்தது, பார்க்கவே கடல் வற்றுவது போல இருந்தது. ஆனால் 4 மி.மீ. ஓட்டையைப் பாசித் துணுக்கு அடைத்துவிடும், அதைச் சுற்றி வலை கட்டி வாரம் ஒரு முறை கழுவுகிறேன். சில்லரும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் கீழ்ப் பெட்டியில் தனிச் சுற்றாக ஓடுகின்றன. வற்றிய நேரத்தில் மேலே குளிர் நீர் வராது, ஒரு சின்ன பம்ப் மட்டும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கும், ஐந்து மணி நேரத்தில் ஒரு டிகிரி போல ஏறும். வெயிலில் கிடக்கும் குட்டையிலும் அதுதானே நடக்கிறது, அதனால் அதை விட்டுவிட்டேன். கடலில் ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், என் டைமரில் அதற்கு வழியில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் கையால் நகர்த்துகிறேன்.

இரண்டாவது வாரத்துக்குள் நத்தைகள் வெளியே வருவது ஏறக்குறைய நின்றுபோனது. தண்ணீர் வற்றியதும் கல்லின் ஈரமான பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மூடிக்கொள்கின்றன, ஏறியதும் மேயப் புறப்படுகின்றன. மேலே இருக்கும் இரண்டு சாமந்திகளும் வற்றும்போது உருண்டையாகச் சுருங்குகின்றன, தண்ணீர் தொட்ட பத்து நிமிடத்தில் விரிகின்றன. முதல் தடவை அதைப் பார்த்தபோது நானும் மகளும் தரையில் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது சாமந்தி தானாகவே நகர்ந்து கீழே, எப்போதும் தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டது. காரணம் சண்டை. பக்கத்தில் இருந்தது நீல மணிகளை ஊதிப் பெருக்கிக்கொண்டு சாய்ந்து அதன் மேல் அழுத்தியது, அவை கொட்டும் உறுப்புகள். தோற்றது மூன்று நாளில் ஒரு சாண் தூரம் விலகியது. இரண்டு பீட்லெட்டை ஒரே கல்லில் ஒட்டி வைக்காதீர்கள்.

குட்டிகளைக் கவனித்தது 2023 ஏப்ரலில். தாய் வயிற்றுக்குள் வைத்திருந்து வாய் வழியாக வெளியே விடும், மிளகு அளவு, பிறக்கும்போதே கைகளோடு. இந்த ஜாதி எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு பாட்டி உண்டு. ஜான் டாலியல் என்பவர் 1828இல் கடலிலிருந்து எடுத்து ஜாடியில் வளர்த்தது, அவர் போன பிறகும் கைமாறிக் கைமாறி 1887 வரை இருந்தது. பெயரே கிரானிதான். தண்ணீரை மாற்றுவதைத் தவிர அவர்களிடம் வேறு வசதி இருந்திருக்காது.

மற்றவை சுருக்கமாக. ஷானி என்கிற செதிலில்லாத குட்டி மீன் ஒன்று நாலு மாதம் இருந்தது, என்னைப் பார்த்ததும் கண்ணாடிக்கு வந்துவிடும், ஆனால் நத்தையின் கொம்பைக் கடித்தது, திருப்பி விட்டேன். கூம்பு ஓட்டோடு பாறையில் ஒட்டியிருக்கும் லிம்பெட் நத்தையை யாரும் பெயர்க்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பாறையில் தன் ஓட்டுக்குப் பொருந்திய தனி இடம் உண்டு, மேய்ந்துவிட்டு அங்கேயே திரும்பும். எனக்கு ஒரு கல்லோடு ஒன்று வந்துவிட்டது, பாசி போதாமல் மெலிந்தது, கல்லோடு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். டாக் வெல்க் ஒரு மட்டியைத் துளைத்து உண்ண இரண்டு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது, நல்ல வாடகைக்காரர். இறால்களுக்கும் சாமந்திகளுக்கும் வாரம் இரண்டு முறை பச்சை மட்டிச் சதை, பட்டாணி அளவு, மிச்சத்தை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

திருப்பி விடுவதைப் பற்றி ஒன்று. வெப்பக் கடல் உயிரோ கடையில் வாங்கிய கல்லோ இந்தத் தொட்டியில் பட்டதே இல்லை, வலையும் வாளியும்கூடத் தனி. அதனால்தான் அந்நிய நோயோ உயிரோ கூடவே போய்விடும் என்ற பயமில்லாமல் எடுத்த கரையிலேயே விட முடிகிறது. 1850களில் ஃபிலிப் ஹென்றி காஸ் என்கிற இயற்கையியலாளர் பிளிமத்தும் அடங்கிய இதே டெவன் மாவட்டக் கரையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஊரே ஜாடியோடு பாறைக்கு வந்தது, குட்டைகள் சூறையாடப்பட்டன என்று அவருடைய மகனே பின்னாளில் வருந்தி எழுதினார். நானும் அந்த ஜாடிக்காரர்களில் ஒருவனாகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருக்கிறேன், புதிதாக ஒன்று வர வேண்டும் என்றால் பழையது ஒன்று போக வேண்டும்.

இப்போது போக வேண்டியது கரை நண்டு. வந்தபோது என் கட்டை விரல் நகம் அளவு, இடது பக்கம் ஒரு கால் கிடையாது. நாலு முறை ஓடு கழற்றியது. இரண்டாவது முறை அந்தக் கால் சின்னதாக முளைத்தது, நாலாவதில் மற்றவற்றுக்குச் சமமாகிவிட்டது. போன வாரம் ஓர் இறாலைப் பிடித்துவிட்டது, இனி இந்தத் தொட்டி அதற்குப் போதாது. வரும் சனிக்கிழமை பெரிய வற்று, நண்பகலுக்கு ஒட்டி. அதைக் கொண்டுபோய் விடும்போது கழற்றிய நாலு ஓடுகளையும் நான்தான் வைத்துக்கொள்வேன் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.