வோரம் பெர்சி: சுவர் சொல்வதும் மனை சொல்வதும்

மார்ச் 4
இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் குன்றுகளில் உள்ள, கைவிடப்பட்ட இடைக்கால ஊரான வோரம் பெர்சியை 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அகழ்ந்தார்கள். பொறுப்பு மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும். 1500 வாக்கில் ஆடு மேய்க்க ஊர் காலியானது. பிறகு அதிகம் உழாததால் தெருவும் மனைக்கட்டும் புல்லடியில் மேடுபள்ளமாகத் தங்கிவிட்டன. சாய்ந்த வெயிலில் மனை எல்லைகளை எண்ணிவிடலாம்.

மார்ச் 6
ஆரம்பத்தில் சுவர் தென்பட்டதும் அதை ஒட்டியே குறுக்கத் தோண்டிப் போனார்கள். சுவர் கிடைத்தது, சுவருக்கும் தரைக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. எந்தத் தரை எந்தச் சுவருக்கு உரியது என்று அதற்குப் பிறகு சொல்லவே முடியாது. 1953இலிருந்து டென்மார்க் வழிமுறை: மனை முழுக்கப் புல்லை உரித்து, அடுக்கு அடுக்காக மண்ணை எடுப்பது. அப்போதும் தொல்லை தீரவில்லை. சுவர், சரிந்த கல், அடிப்பாறை மூன்றும் ஒரே வெள்ளைச் சுண்ணக்கல்!

மார்ச் 7
கல்லைக் கொல்லையிலேயே வெட்டியிருக்கிறார்கள். பிற்காலக் குழி முற்காலத் தரையைத் தின்றுவிடும். 10ஆம் மனையின் அடியில் 12ஆம் நூற்றாண்டுப் பண்ணையார் மாளிகையின் நிலவறை. அவர் இடம் பின்னால் குடியானவர் மனையானது.

மார்ச் 11
முக்கியமான சங்கதி இதுதான். ஒன்றன்மேல் ஒன்றாக மெலிந்த சுவர்கள், திசைகூட மாறி. தலைமுறைக்கு ஒரு முறை வீட்டை இடித்துக் கட்டினார்கள் என்றுதான் முதலில் புரிந்துகொண்டார்கள். 1980களின் இறுதியில் தொல்லியலாளர் ஸ்டூவர்ட் ராத்மெல் அதே வரைபடங்களை எடுத்து, சுவரை விட்டுவிட்டு, கூரை மரங்களின் அடியில் வைக்கும் தாங்குகற்களைத் தேடினார். வளைந்த மரங்களை இணை இணையாகச் சாய்த்து உச்சியில் சேர்த்தால் கூரைப் பாரம் மரத்தின் வழியே அந்தக் கல்லில் இறங்கும். சுவர் வெறும் அடைப்பு. பெயர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், வீடு நிற்கும். என் கணக்கில் இதுவே சரி. சுவரை எண்ணி வீட்டை எண்ணக் கூடாது.

மார்ச் 15
வீட்டுத் தரையில் பானை ஓடுகள் குறைவு. தினம் பெருக்கினால் மண்தரை தேய்ந்து குழியும், ஓடு குப்பைமேட்டுக்குப் போய், எருவோடு வயலுக்குப் போகும். வயலில் விளிம்பு மழுங்கிய ஓடு கிடைத்தால் அது எருவோடு வந்தது. முறிவு கூர்மையாக இருந்தால் அருகில் வீட்டைத் தேடலாம்.

மார்ச் 18
புனித மார்ட்டின் தேவாலயம். ஆள் பெருகியபோது பக்கக்கூடங்கள் கட்டி, குறைந்தபோது இடித்து வளைவுகளை அடைத்திருக்கிறார்கள். அடைத்த வளைவு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஊர் போன பிறகும் திக்ஸண்டேல் போன்ற பக்கத்து ஊர்க்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வழிபாடு 1949 வரை. ஊரின் கடைசி நாளை இதில் தேடினால் நாலரை நூற்றாண்டு பிசகும்.