பூஸ்ட் ஏறினால் மட்டும் மிஸ்ஸாகும் இன்ஜின்

மூன்றாவது கியரில் பெடலை முழுக்க மிதித்து 3,000 ஆர்பிஎம் தாண்டினால், வண்டியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்து இழுத்து விடுவது போல இருக்கும். காலை எடுத்தால் அடுத்த நொடியே சரியாகிவிடும். ஐடிலில் ஒரு குறையும் இல்லை. மெதுவாக ஓட்டினால் நாள் முழுக்க ஓடும். நாலு சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன், டர்போ வைத்த இரண்டு சீட்டு வண்டி. அதை வாங்கியதே மூன்றாவது கியரில் மிதிப்பதற்குத்தான் என்பதால், மெதுவாக ஓட்டினால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் முடியவில்லை.

முதல் நாள் செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னியது. லைட் நிலையாக எரிந்தால் வீடு வரை ஓட்டிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மின்னினால் உடனே காலை எடுத்துவிட வேண்டும். எரியாத பெட்ரோல் வெளியே போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் தேன்கூடு உருகிவிட்டால், கோளாறை விட அதன் செலவு பெரிதாகிவிடும்.

ஸ்கேனரைச் செருகினேன். பி0303 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தது. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. இதைக் கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்தக் கோடை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரியும். பிளக்கில் பொறி வந்ததா என்று அது நேராகப் பார்ப்பதில்லை. கிராங்க் சென்சார் வழியாகத் தண்டு சுற்றும் வேகத்தை அளக்கிறது. நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் தள்ள வேண்டும். ஒரு தள்ளு வராமல் போனால் தண்டு அந்த இடத்தில் லேசாகத் தளரும். அது யார் முறை என்று கணக்குப் பார்த்துக் கோடு போடுகிறது. ஆக, எந்தச் சிலிண்டர் என்பதை அநேகமாகச் சரியாகச் சொல்லிவிடும். ஏன் என்பது நம் பாடு.

கோடோடு சேர்த்து ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒன்று பதிவாகியிருக்கும், கோளாறு நடந்த நொடியின் நிலவரம். பலர் அதைப் பார்க்காமலே கோடை அழித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் 3,400 ஆர்பிஎம், இன்ஜின் முழுச் சூடு, லோடு ஏறக்குறைய உச்சம் என்று இருந்தது. பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தித் தள்ளும் காற்று, ஏறியபோதுதான் நடக்கிறது என்பது உறுதியானது.

பூஸ்ட் ஏறினால் சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாகிறது. நெருக்கமான காற்றைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். ஒவ்வொரு பிளக்குக்கும் உயர் வோல்ட் தரும் இக்னிஷன் காயிலின் வோல்ட் போதவில்லை என்றாலோ, பிளக்கின் இடைவெளி அகன்றிருந்தாலோ பொறி பாயாது. சரி, பிளக்கிலிருந்து தொடங்கலாம் என்று இன்ஜின் ஆறியதும் நாலையும் கழற்றினேன். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு கழற்றினால் மரை பிய்ந்து வரும், அவசரப்படக் கூடாது. ஃபீலர் கேஜில் பார்த்தால், 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி நாலிலும் 0.9க்கு மேல் போயிருந்தது. புது பிளக் போட்டேன். வண்டி பறந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று மூன்று வாரம் பெருமையாகத் திரிந்தேன்.

நாலாவது வாரம் அதே இழுப்பு, அதே பி0303.

அப்புறம்தான் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்தேன். மூன்றாவது காயிலைக் கழற்றி ஒன்றில் போட்டேன், ஒன்றில் இருந்ததை மூன்றில் போட்டேன். காயில் கெட்டிருந்தால் கோடு பி0301 ஆக மாற வேண்டும். ஓட்டிப் பார்த்தேன், மறுபடி பி0303. அடுத்து மூன்றாவது பிளக்கையும் இரண்டாவதையும் இடம் மாற்றினேன். அப்போதும் பி0303தான். (இதற்கு முன்பே ஆத்திரத்தில் ஒரு புதுக் காயில் வாங்கியிருந்தேன். இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.)

கேட்டவர்கள் எல்லோரும் டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் பைப்பில் லீக் இருக்கும் என்றார்கள். அது எனக்கு ஒட்டவில்லை. பைப்பில் காற்று கசிந்தால் நாலு சிலிண்டருக்கும்தான் பாதிப்பு, மூன்றாவதை மட்டும் தேடிப் பிடித்து அடிக்காது. ஃப்யூயல் ட்ரிம்மும், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தமும், ஐந்து சதவீதத்துக்குள்ளேயே இருந்தது. பைப்பைத் தொடவே இல்லை.

மிச்சம் இருந்தது நான் பயந்த இடம். டர்போ இன்ஜினில் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைவது நடக்காத விஷயம் இல்லை. பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, நாலு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக் கம்ப்ரஷன் பார்த்தேன். மூன்றாவதற்கு வந்தபோது கேஜைப் பார்க்கவே தயக்கமாக இருந்தது. 170, 172, 168, 170 பிஎஸ்ஐ. வால்வும் ரிங்கும் நன்றாகவே இருக்கின்றன. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன், கோளாறு அப்படியே இருந்தும்.

அடுத்தது சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் அதை இடம் மாற்றிப் பார்ப்பது காயில் மாதிரி ஐந்து நிமிட வேலை இல்லை. மிக உயர்ந்த அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கும் லைன், கழற்றினால் புது சீல், தனிக் கருவி. கை வைக்கும் முன் பழைய மெக்கானிக் ஒருவரிடம் செய்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, காயிலை மாத்திப் பார்த்தீங்க. காயிலுக்கு வர்ற ஒயரை யார் பார்த்தது?” என்றார்.

காயிலை இடம் மாற்றினால் ஒயர் இடம் மாறுவதில்லை. அது மூன்றிலேயே நிற்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை.

கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனைப் போட்டு, கரண்ட் வரும் பின்னில் மல்டிமீட்டரை வைத்தேன். 12.4 வோல்ட், மற்ற மூன்றிலும் அதேதான். அவரிடம் சொன்னதற்கு, மீட்டர் கரண்டையே இழுக்காது, ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்டைக் காட்டும், பல்பைப் போட்டுப் பாருங்கள் என்றார். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்து, ஒரு முனையை அந்தப் பின்னிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவ்விலும் வைத்தேன். கரண்ட் வரும் பின் எது என்று வயரிங் படத்தில் பார்த்து உறுதி செய்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். சிக்னல் பின்னில் பல்பை வைத்தால் கம்ப்யூட்டரே போய்விடலாம். ஒன்றாவது, இரண்டாவது, நாலாவது ஒயர்களில் பளிச். மூன்றாவதில் மங்கலாக எரிந்தது. ஒயரை லேசாக வளைத்தேன், அணைந்து அணைந்து வந்தது.

டேப்பைப் பிரித்தால், வால்வு கவரின் ஓரத்தில் ஒயர் மடங்கும் இடத்தில் செம்பு பச்சை பூத்து, நாலைந்து இழை மட்டும் மிச்சம் இருந்தது. போதாத கரண்டில் காயில் முழுதாகச் சார்ஜ் ஆகவில்லை. ஐடிலுக்கு அந்த அரைகுறைப் பொறி போதும், பூஸ்டில் போதாது. புது பிளக் போட்டதும் சரியானது போல் இருந்ததற்கும் விடை கிடைத்தது. இடைவெளி குறைந்ததால் நலிந்த பொறியும் தாண்டிவிட்டது. மூன்று வாரத்தில் இன்னும் சில இழைகள் அறுந்ததும் அதுவும் முடியாமல் போனது.

ஒயரை அங்கே அப்படி மடக்கிக் கட்டியது யார்? நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் வால்வு கவர் கேஸ்கெட் மாற்றியபோது, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒயர்களை ஓரத்தோடு இழுத்துக் கேபிள் டை போட்டிருந்தேன். வேகமெடுக்கும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் மவுண்டில் லேசாகச் சாயும். அத்தனை முறையும் அந்த மடிப்பு இழுபட்டிருக்கிறது.

கெட்ட பகுதியை வெட்டி, அதே தடிமனில் புது ஒயர் வைத்துக் கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கையைத் திறந்து வைத்து மூன்றாவது கியரில் நாலு தடவை முழுக்க மிதித்தேன். நாலு சிலிண்டரிலும் பூஜ்ஜியம். திரும்பி வந்து பானெட்டைத் திறந்தபோதுதான் கவனித்தேன், நாலாவது காயிலின் ஒயரையும் அதே மாதிரி இழுத்துக் கட்டியிருந்தேன். அந்த டையையும் வெட்டிவிட்டேன்.