ஸ்கேனர் சேர்க்கும் பொய்த் துகள்கள்

கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்களை ஸ்கேன் செய்யத் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது கிரெய்னை, அதாவது படத்தில் மணல்போல் தெரியும் துகளை, நீக்கும் வழியைத்தான். ஆனால், வழக்கமான கறுப்பு-வெள்ளை ஃபிலிமை டெவலப் செய்து முடித்தபின் அதில் எஞ்சுவது வெள்ளித் துகள்களே. படம் என்று தனியாக வேறொன்று அங்கே இல்லை. துகளைத் துடைக்கும் மென்பொருள் முடியிழையையும் துணியின் நெசவையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. ஆகவே, ஃபிலிமில் இல்லாமல் ஸ்கேனரால் வந்து சேரும் மிகைத் துகளை மட்டும் தடுத்தால் போதும் என்றே நான் கருதுகிறேன்.

அந்த மிகை பெரும்பாலும் தெளிவுத்திறனிலிருந்து வருகிறது. அங்குலத்துக்கு 2400 புள்ளிகள் என்று வைத்தால் ஒரு பிக்சல் ஃபிலிமில் ஏறக்குறைய 10.6 மைக்ரான் அகலத்தைப் பிடிக்கிறது. அதைவிட நுண்ணிய துகள் அமைப்பை அந்தக் கட்டங்களால் சரியாகப் பதிய முடியாததால், அது உருமாறி, உண்மையில் இருப்பதைவிடப் பெரிய திட்டுகளாகத் தெரிகிறது. ஒளியுணர்வு மிகுந்த 400 ஐஎஸ்ஓ ஃபிலிமில் எடுத்த மேகமற்ற வானத்தைப் பார்த்தால் இது உடனே புரியும்: சாம்பல் பரப்பு முழுவதும் மணலை வாரி இறைத்ததுபோல் இருக்கும். அதே நெகட்டிவை 4000 புள்ளிகளில், 16 பிட்டில் ஸ்கேன் செய்து, பிறகு நீளத்தையும் அகலத்தையும் பாதியாகச் சுருக்கினால், நான்கு பிக்சல்களின் சராசரி ஒன்றாகிவிடுவதால் வானம் அமைதியடைகிறது. அதன் குறுக்கே ஓடும் மின்கம்பியின் விளிம்போ மழுங்குவதில்லை. 35 மி.மீ. படச்சட்டம் ஒன்று, சுருக்குவதற்கு முன், 5,600-க்கு 3,700 பிக்சல்களுக்குச் சற்றே கூடுதலாக வரும் என்பதால் கோப்பு பெரிதாகத்தான் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒளியும் கவனிக்க வேண்டிய ஒன்று. நேர்க்கோட்டில் பாயும் குவிந்த ஒளியை வெள்ளி சிதறடிப்பதால் கறுப்பு-வெள்ளை மாறுபாடும் துகளும் தூக்கலாகின்றன. இதற்குக் காலியர் விளைவு என்று பெயர். கேமராவைக் கொண்டு நெகட்டிவைப் படமெடுப்பவர்கள் பரவலான ஒளி தரும் பலகையைப் பயன்படுத்துவது நல்லது. ஸ்கேனரில் உள்ள, தூசி நீக்கும் அகச்சிவப்பு வசதியை அணைத்துவிட வேண்டும். வெள்ளி அக்கதிரைத் தடுப்பதால் ஸ்கேனர் படத்தையே தூசியென எண்ணிக்கொள்ளும். இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 போன்ற, வண்ண ஃபிலிமுக்கான சி-41 முறையில் டெவலப் ஆகும் சாய ஃபிலிம்களில் படம் வெள்ளியால் அல்லாமல் சாயத்தால் ஆனதால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்கேனர் மென்பொருளின் ஷார்ப்பனிங்கையும் அணைத்துவிடுங்கள். அது முதலில் கூர்மையாக்குவது துகளின் விளிம்பைத்தான். அளவைச் சுருக்கிய பின்பு, வானத்தின் மீது படாதபடி மாஸ்க் செய்துவிட்டு மற்ற இடங்களில் மட்டும் மிதமாகச் செய்துகொள்ளலாம். ஒரே படத்தைப் பலமுறை படித்துச் சராசரி காணும் வசதியைச் சிலர் துகளுக்கு மருந்தாகப் பரிந்துரைக்கிறார்கள். அது சென்சாரின் இரைச்சலைக் குறைக்குமே தவிர, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்கும் துகளை அசைக்காது.

இத்தனைக்குப் பிறகும் வானம் சொரசொரப்பாகவே இருந்தால், அடுத்த ஃபிலிம் சுருளுக்கு டெவலப் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள். டெவலப்பரை மாற்றுவதாக இருந்தால், துகளின் விளிம்பை அப்பட்டமாகக் காட்டும் ரோடினலைவிட, துகளின் விளிம்பை மென்மையாக்கும் சோடியம் சல்ஃபைட் மிகுந்த டி-76 ஸ்கேனுக்கு இணக்கமானது.