அந்த ஏழு நிமிஷம்

ஏப்ரல் 11, 2025, வெள்ளி, விடியறதுக்கு முன்னாடி

யூரோப்பா லீக் குவார்ட்டர் ஃபைனல் முதல் லெக் (ரெண்டு மேட்ச்ல முதல் மேட்ச்), ஃப்ரான்ஸ்ல லியோன் கூட எங்க மான்செஸ்டர் யுனைடெட் 2-2. தோத்துட்டு வந்த மாதிரியே இருக்கு. 25வது நிமிஷத்துல லியோனோட ஆல்மாடா சைடுல இருந்து அடிச்ச ஃப்ரீ கிக் யார் மேலயும் படாம அப்படியே உள்ள போச்சு, எங்க கோல்கீப்பர் ஒனானா பிடிச்சிருக்கணும். ஹாஃப் டைமுக்கு முன்னாடி எங்க யோரோ தலையால சமன் பண்ணான், 88ல ஸிர்க்ஸீ, அவனும் ஹெட்டர்தான். சரி முடிஞ்சுதுன்னு நினைச்சப்ப 95வது நிமிஷம் ஒனானா தட்டிவிட்ட பந்து நேரா லியோனோட ஷெர்க்கி கால்ல போய் விழுந்து கோல்.

அடுத்த வியாழன் ரெண்டாவது லெக், எங்க கிரவுண்டு ஓல்ட் ட்ராஃபோர்ட். இந்த சீசன்ல யுனைடெட்டுக்கு மிச்சம் இருக்கிறது யூரோப்பா லீக் ஒண்ணுதான். லீக் டேபிள்ல பாதிக்குக் கீழ கிடக்கோம், இந்தக் கப்பை அடிச்சா மட்டும்தான் அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் லீக், யூரோப்லயே பெரிய கிளப் கப். தூக்கம் வரல.

ஏப்ரல் 14, திங்கள்

நேத்து லீக் மேட்ச்ல நியூகாசில் கிட்ட 4-1 தோல்வி. ஒனானாவை உக்கார வச்சுட்டு இன்னொரு கோல்கீப்பர் பாயிந்திர் விளையாடினான், அவனுக்கும் நாலு. அதைவிடப் பெரிய அடி, ஸிர்க்ஸீ தொடையைப் பிடிச்சுக்கிட்டு வெளிய போயிட்டான். இனி முன்னாடி நின்னு தலையால கோல் போட யார் இருக்கா?

எங்க மிட்ஃபீல்டர் கசெமீரோவை நம்பறதை நான் போன வருஷமே விட்டுட்டேன், அதை இங்க எழுதி வைக்கணும். 2024 மே மாசம் கிரிஸ்டல் பேலஸ் கிட்ட 4-0 தோத்த அன்னிக்கு அவரை டிஃபென்ஸ்ல நிக்க வச்சாங்க, எல்லாரும் அவரைச் சுத்தி ஓடினாங்க. செப்டம்பர்ல லிவர்பூல் மேட்ச்ல ரெண்டு கோல் அவர் விட்ட பந்துலதான் வந்துச்சு, ஹாஃப் டைம்லயே எடுத்துட்டாங்க. ரியல் மாட்ரிட்ல அஞ்சு சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்ச மனுஷன், 33 வயசு, கால் போயிடுச்சுன்னு முடிவு கட்டிட்டேன். வியாழக்கிழமை அவருக்குப் பதிலா வேற யாராவது ஆடினா நல்லா இருக்கும்.

ஏப்ரல் 18, வெள்ளி, விடியற்காலை

5-4. ரெண்டு லெக்கும் சேர்த்து 7-6. கை இன்னும் நடுங்குது, டைப் பண்றது பாதி தப்பா வருது, ஆனா இப்பவே எழுதலன்னா இந்த வரிசை மறந்துபோயிடும்.

10வது நிமிஷம் கர்னாச்சோ உள்ள தள்ளிவிட்ட பந்தை உகார்த்தே அடிச்சான், 1-0. ஹாஃப் டைமுக்கு கொஞ்சம் முன்னாடி டாலோ, போஸ்ட்ல பட்டு உள்ள, 2-0. மொத்தமா 4-2. 70 நிமிஷம் வரைக்கும் நாங்கதான். அப்புறம் என்ன ஆச்சுன்னே தெரியல, 71ல லியோனோட டொலிஸ்ஸோ ஹெட்டர், ஏழு நிமிஷத்துக்குள்ள அவங்க டாக்லியாஃபிகோ. அந்த ரெண்டாவது கோலை ஒனானா தட்டி வெளிய எடுத்துட்டான்னு நினைச்சேன், ஆனா பந்து கோட்டைத் தாண்டிடுச்சுன்னு கோல்லைன் டெக்னாலஜி சொல்லிடுச்சு. 2-2, மொத்தமா 4-4. 89ல டொலிஸ்ஸோவுக்கே ரெண்டாவது மஞ்சள் கார்டு, லியோன் பத்து பேர் ஆயிட்டாங்க. எக்ஸ்ட்ரா டைம் 11க்கு 10, இதுக்கு மேல என்ன வேணும்?

அந்தப் பத்து பேர்தான் ரெண்டு கோல் போட்டாங்க. எக்ஸ்ட்ரா டைம் முதல் பாதி முடியற நேரத்துல மறுபடியும் ஷெர்க்கி, ரெண்டாவது பாதி ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல லகாசெட் பெனால்டி. 4-2 லியோனுக்கு. ஸ்டேண்ட்ல ஆளுங்க எழுந்து போறதை கேமரா காட்டுச்சு, அவங்க மேல எனக்குக் கோபமே வரல. நானும் சத்தத்தைக் குறைச்சுட்டு வெறும் படத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

114வது நிமிஷம், எங்க புரூனோ பெனால்டி. 4-3. சத்தத்தைத் திரும்பக் கூட்டினேன். கோச் அமோரிம் டிஃபெண்டர் மகுவையரை முன்னாடி போய் ஸ்ட்ரைக்கர் மாதிரி நிக்கச் சொல்லிட்டார், மைனூவையும் பாக்ஸ் பக்கத்துல நிறுத்திட்டார். 120, மைனூ பாக்ஸுக்குள்ள பந்தை வாங்கி, திரும்பி, அவ்ளோ பேர் நடுவுல ஒரு இடத்தைத் தேடி வளைச்சு அடிச்சான், நாளைக்குத்தான் அவனுக்கு 20 வயசே ஆகுது, அந்த வயசுல அந்த நிமிஷத்துல அவ்ளோ நிதானமா எப்படி ஒருத்தனால நிக்க முடியுது. 4-4. நான் பெனால்டி ஷூட் அவுட்டுக்கு மனசைத் தயார் பண்ணிக்கிட்டு இருந்தேன், யார் யார் அடிப்பாங்கன்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தேன், எண்ணி முடிக்கல, வலது பக்கத்துல இருந்து ஒரு பந்து தூக்கி வந்துச்சு, மகுவையர் தலை, கோல்.

கத்துனது நான்தான்னு எனக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. வீடே எழுந்துடுச்சு. என்ன ஆச்சுன்னு கேட்டவங்களுக்கு மகுவையர் மகுவையர்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது.

ஏப்ரல் 18, ராத்திரி

நாள் பூரா வேலைக்கு நடுவுல அதையேதான் பாத்தேன். மகுவையரைப் பத்தி எழுதணும். 2019ல லெஸ்டர்ல இருந்து 80 மில்லியன் பவுண்டுக்கு வந்தான், அப்ப உலகத்துலயே விலை அதிகமான டிஃபெண்டர், அந்த விலையே அவன் கழுத்துல தொங்கின கல்லு மாதிரி ஆயிடுச்சு. சொந்த நாட்டு ஜெர்ஸியில ஆடும்போது சொந்த ஆளுங்களே கூவி அவமானப்படுத்தினாங்க. 2023ல கேப்டன் பேண்டையும் பிடுங்கிட்டாங்க. கிளம்பிப் போயிருக்கலாம், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. போகாம பெஞ்ச்ல உக்காந்தான். இந்த பிப்ரவரியில எஃப்.ஏ. கப்ல லெஸ்டருக்கு எதிரா 93வது நிமிஷம் ஜெயிச்சுக் கொடுத்தது அவன் தலைதான் (அது ஆஃப்சைடு, அந்த ரவுண்டுல வீடியோ பாத்து முடிவு சொல்ற வி.ஏ.ஆர் இல்ல, உண்மையை மறைக்கக் கூடாது). நேத்து டாலோ போட்ட கோலுக்கு நீளமா பந்து போட்டதும் மகுவையர்தான், ரீப்ளேலதான் கவனிச்சேன்.

ஏப்ரல் 19, சனி

மைனூ பிறந்தநாள் இன்னிக்கு.

114ல இருந்து 121 வரைக்கும் அந்த ஏழு நிமிஷத்தை இதோட எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கு இல்ல, ஆனா இன்னிக்குக் காலையிலதான் ஒண்ணு உறைச்சுது. அந்த பெனால்டி எப்படிக் கிடைச்சுது? கசெமீரோவை விழத் தட்டினதாலதான். மைனூவுக்குப் பந்து கொடுத்தது? கசெமீரோ. வலது பக்கத்துல இருந்து தூக்கிப் போட்டது? அதுவும் கசெமீரோ. மூணு கோல், மூணுக்கும் முன்னாடி அந்த ஒரே ஆள் நிக்கிறார், நான் கால் போயிடுச்சுன்னு எழுதி வச்ச ஆள். கோல் போட்டவங்க பேரைக் கத்துன வேகத்துல அவரை நான் பாக்கவே இல்ல.

கடைசி கிராஸை மட்டும் தனியா ஓட்டிப் பாருங்க. 121வது நிமிஷம், ரெண்டு மணி நேரம் ஓடின கால், பக்கத்துல சின்னப் பசங்களே முட்டியைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு நிக்கிறாங்க. அந்த நேரத்துல எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு ஓங்கி உள்ள அடிப்பாங்க. அவர் தலையைத் தூக்கி ஒரு தடவை பாக்கறார். மகுவையர் நிக்கிற இடத்தைப் பாத்துட்டு மெதுவா, அடிக்காம, வைக்கிறார். இளமை இருந்தா அது வராது, அந்த நிதானம் அவர் இத்தனை வருஷம் பெரிய மேட்ச்செல்லாம் ஆடி சேர்த்து வச்சது. திங்கள்கிழமை நான் எழுதினதை அழிக்க மாட்டேன், அப்படியே இருக்கட்டும், ஆனா அது தப்பு, கசெமீரோ கிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்.

இன்னொரு விஷயமும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. ரெண்டு லெக்கும் சேர்த்து சமமா இருந்தா எதிராளி கிரவுண்டுல அதிக கோல் போட்டவங்க ஜெயிப்பாங்கன்னு ஒரு அவே கோல் ரூல் இருந்துச்சு, அதை யூரோப் ஃபுட்பாலை நடத்துற யூ.இ.எஃப்.ஏ 2021ல எடுத்துட்டாங்க. பழைய ரூல் இருந்திருந்தா 4-4ல நாங்க வெளிய, ஏன்னா லியோன் எங்க கிரவுண்டுல நாலு போட்டிருக்காங்க, நாங்க அங்க ரெண்டுதான். மைனூ கோல் போட்டும் தோல்விதான். புது ரூல்ல அது சமன், ஷூட் அவுட் போனா போதும், அதனால நியாயமா பாத்தா 4-4 ஆனதும் அடுத்த நிமிஷம் பின்னாடி போய் நின்னு மூச்சு வாங்கியிருக்கலாம். யாரும் போகல. மகுவையர் முன்னாடியே நின்னான், கசெமீரோ வலது பக்கம் போய் நின்னார். இதை நினைக்கும்போதெல்லாம் மயிர்க்கூச்செறியுது.

ஏப்ரல் 20, ஞாயிறு

லீக்ல வுல்வ்ஸ் கிட்ட 1-0 தோல்வி. அதே ஓல்ட் ட்ராஃபோர்ட். அவங்க சராபியா ஃப்ரீ கிக்.

மூணு நாளைக்கு முன்னாடி அஞ்சு போட்ட டீம் இன்னிக்கு ஒண்ணு கூட போடல. வருத்தம்தான், ரொம்ப இல்ல. 1999 பார்சிலோனா ஃபைனல்ல ஸ்டாப்பேஜ் டைம்ல ஷெரிங்ஹாமும் சோல்ஷரும் பேயர்னுக்கு எதிரா போட்டாங்களே, அந்த டீம் அந்த வருஷம் மூணு கப் அடிச்ச டீம், அவங்க கிட்ட எதிர்பார்க்கலாம். இந்த டீம் கிட்ட யாரும் எதிர்பார்க்கல, நான் உட்பட. அதனாலதான் எனக்கு வியாழக்கிழமை ராத்திரி அவ்ளோ பெருசா படுது.

மே 2, வெள்ளி, விடியற்காலை

யூரோப்பா லீக் செமி ஃபைனல் முதல் லெக், ஸ்பெயின்ல பில்பாவோ, அத்லெடிக் டீமோட சான் மமேஸ் கிரவுண்டு. முதல் கால் மணி நேரம் அத்லெடிக் எங்களைப் போட்டுப் பிழிஞ்சுட்டாங்க, இது இன்னொரு லியோன் ஆகப் போகுதுன்னு நினைச்சேன்.

30வது நிமிஷம். மகுவையர் வலது விங்ல. டிஃபெண்டர், ஆறடிக்கு மேல உயரம், அவன் அங்க என்ன பண்றான்னு நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள ஒருத்தனை இப்படி அப்படி ஆட்டி ஏமாத்திட்டு கோட்டுக்கிட்ட போய் கிராஸ் போட்டான், உகார்த்தே தலையால தொட்டு விட்டான், ரெண்டாவது போஸ்ட்ல காத்துக்கிட்டு நின்னது கசெமீரோ. தலையால உள்ள. அன்னிக்கு வலது பக்கத்துல இருந்து இவர் தூக்கிப் போட அவன் முட்டினான், இன்னிக்கு வலது பக்கத்துல இருந்து அவன் தூக்கிப் போட இவர் முட்டிட்டார்.

அப்புறம் அவங்க விவியனுக்கு ரெட் கார்டு, புரூனோ ரெண்டு, ஹாஃப் டைம்லயே 3-0, அதோட முடிஞ்சுது. ஆனா நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்கறது முதல் கோலைத்தான். இந்த தடவை கத்தும்போது முதல்ல கசெமீரோ பேரைத்தான் சொன்னேன்.